முதலாளியிடம் சொல்லாத மாத்திரை

பஸ் கண்டக்டர் வேலையில், உடம்பில் கீறல் இல்லாமல் வீடு திரும்பிய நாள் என்று ஒன்று கிடையாது. படிக்கட்டுத் தகரம் கிழிக்கும், சீட்டு ஆணி குத்தும், மீன்கூடையின் மூங்கில் பிளாச்சு முழங்கையைச் சீவும், கூரைமேல் மூட்டை ஏற்றும்போது ஏணிக் கம்பி முட்டியைப் பதம் பார்க்கும். பழகிவிட்டால் எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு விசில் ஊதலாம். நானும் அப்படித்தான் ஊதிக்கொண்டிருந்தேன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டி வரும்வரை.

அணா போய் நயா பைசா வந்த புதிது. திருவள்ளூரிலிருந்து தாமரைப்பாக்கம், பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் தனியார் பஸ்ஸில் எனக்கு வேலை. அந்த மாத்திரை விஷயத்தை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அதே வண்டியில் நடுங்கிக்கொண்டே போய்வந்த நாட்களின் துணுக்குகள் இவை. உடம்பில் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாதவர் மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கம்பவுண்டர் சொன்னது

நாளெல்லாம் நின்றே வேலை பார்த்ததாலோ, தலையெழுத்தோ, என் இடது கால் ஒருநாள் பூசணிக்காய் போல வீங்கியது. அப்புறம் மார்வலி, மூச்சு முட்டல். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, அதிலிருந்து ஒரு துணுக்கு நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். எப்படியோ பிழைத்துக்கொண்டேன். பிழைத்ததற்குத் தண்டனை மாதிரி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தினம் சாப்பிட வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். நிறுத்தச் சொல்கிறவரைக்கும் என்றார் டாக்டர். முகத்தைப் பார்த்தால் நிறுத்தச் சொல்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதோடு விடாமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். வெட்டுப்பட்டால் ரத்தம் சீக்கிரத்தில் நிற்காது. அடிபட்டால் உள்ளேயே கசியும். தலைவலி மாத்திரையைத் தொடக் கூடாது. மாதா மாதம் வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். "வேலை பார்க்கிற இடத்துல சொல்லிடுங்க. முக்கியமா முதலாளிகிட்ட. உங்களுக்கு ஒண்ணு ஆனா பக்கத்துல இருக்கறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

எங்கள் முதலாளி மீரான் சாயபு பழவேற்காட்டுக்காரர். இறாலும் கருவாடும் வியாபாரம் செய்து பஸ் வாங்கிய குடும்பம். கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய இன்னொரு வண்டியில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்த கண்டக்டரை, ஜனங்கள் ஏறத் தயங்குகிறார்கள் என்று கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தவன். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், குடியிருப்பது வாடகை வீடு, விசில் ஊதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று, முதலாளியிடம் சொல்லாமலே சமாளிக்க முடியாதா என்று கம்பவுண்டரைக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்: "ரத்தத்துக்குத்தாம்பா எங்ககிட்ட மாத்திரை கீது. பயத்துக்கு இல்ல."

நல்லபடியாகத் திரும்பிய ஆள்

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் முதல் நாள் வேலைக்குப் போனேன். வாக்கியத்தைக்கூட வழியெல்லாம் உருப்போட்டு வைத்திருந்தேன். "முதலாளி, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று தொடங்கும். அதற்கு மேல் எப்படிப் போகும் என்பது எனக்கே சரியாகத் தெரியாது.

திருவள்ளூர் ஷெட்டில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரைஸ்மில்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலாளி எழுந்து வந்து முதுகில் ஒரு தட்டு தட்டினார். தட்டிய இடம் கன்றிப்போகுமோ என்று எனக்குள் பகீரென்றது. உட்கார்ந்து எழுந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கால் சரியாகிவிட்டதா என்றார். சரியாகிவிட்டது என்றேன். உருப்போட்ட வாக்கியம் தொண்டைக்கு வந்து, ரைஸ்மில்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. முதலாளி அவரிடம் பெருமையாகச் சொன்னார்: "இஞ்சின எறக்கிப் புதுசா மாட்டின வண்டி கணக்கா வந்து நிக்கறான் பாருங்க. இனிமே இவன்கிட்ட ரிப்பேருன்ற பேச்சே கெடையாது."

குங்குமம்

அந்த வாரத்திலேயே சீட்டு ஆணி தன் வேலையைக் காட்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு டிக்கெட் கொடுக்கக் குனிந்தபோது கட்டைவிரலைக் கீறிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அன்று அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையைச் சுற்றினேன், நனைந்தது. திருப்பிச் சுற்றினேன், அதுவும் நனைந்தது. வெங்கலிலிருந்து தாமரைப்பாக்கம் வரைக்கும் விரலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் மாதிரி இருந்திருக்கும்.

டிக்கெட்டைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டுமே. எவ்வளவு ஜாக்கிரதையாகக் கிழித்தும் ஒரு சொட்டு டிக்கெட்டில் விழுந்துவிட்டது. வாங்கிய அம்மாள் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அவர் டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்: "இன்னாப்பா, டிக்கெட்டுக்கெல்லாம் குங்குமம் வெச்சிக் குடுக்கறீங்க? வண்டிக்குப் பூஜையா?"

எத்தனாவது மாசம்

சவரக் கத்தியைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்கத் தொடங்கியது. நாவிதரிடம் விஷயத்தைச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சொல்லாமல் கழுத்தை நீட்டவோ தைரியம் இல்லை. ஆகவே தாடி விட்டேன். தாடி வைத்த கண்டக்டரை ஜனங்கள் சும்மா விடுவார்களா? திருப்பதிக்கா, பழனிக்கா என்று கேட்பவர்கள் பாதிப் பேர். ஆமாம் என்று தலையாட்டிச் சமாளித்தேன்.

மீதிப் பாதி பெண்கள். பெண்சாதி முழுகாமல் இருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி கன்னியம்மாள் சந்தைக்குப் போக அதே பஸ்ஸில் ஏறியபோது, இரண்டு பெண்கள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி சாம்பல் பூசிய மாங்காய்த் துண்டுகூட எடுத்து நீட்டினாள். கன்னியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் டிக்கெட் கொடுப்பதில் மும்முரமாக இருப்பது போல் பின்பக்கம் நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மாங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஊரெல்லாம் நான் புள்ளத்தாச்சின்னு சொல்லிக்கினு திரியறதுக்கு, அந்த மொதலாளி ஒருத்தர்கிட்ட உண்மைய சொல்லக் கூடாதா?"

ஆடிக் கூட்டம்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து பார்த்தவர்களுக்கு நரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். வேப்பிலைக் கட்டு, பொங்கல் பானை, உரித்த கோழியாகப் போகிற உயிர்க்கோழி, எல்லாம் ஏறும். ஆள் நிற்கிற இடத்தில் இன்னொரு ஆள் நிற்பான். அன்று ஒரு கிடா, நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தபோது விலாவில் ஒரு முட்டு முட்டியது. வலி பெரிதாக இல்லை. பயம்தான் பெரிது. மீதி நாள் முழுக்கச் சட்டைக்குள் கையை விட்டு விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றியபோது விலாவில் ஒரு முறம் அகலத்துக்குக் கறுத்திருந்தது. கையில் கம்பியைப் பிடித்த இடமெல்லாம் நீலம். கன்னியம்மாள் அழுதுவிட்டாள். நாளைக்கே தான் ஷெட்டுக்கு வந்து சொல்லப்போவதாகச் சொன்னாள். குழந்தைகள்மேல் ஆணையிட்டுத் தடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதைக் கோபமாகக் காட்டிச் சமாளித்தேன். குரல் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாள், வெற்றுடம்போடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் குழாயடியில் கன்னியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னாளாம்: "ஊட்டுக்காரரு தப்பே செஞ்சிருக்கட்டும், அதுக்குன்னு சட்டைக்கு வெளியில தெரியற மாதிரியா அடிக்கிறது?"

டிரைவர் வைத்தியம்

எங்கள் டிரைவர் ராமுலு தெலுங்கு பேசுகிற குடும்பம். எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். தங்கமான மனுஷன், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. அவரிடம் ஒன்று சொன்னால், வண்டி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சங்கதி நாயுடுப்பேட்டை போய்விடும். அதனால் அவரிடமும் நான் மூச்சு விடவில்லை.

ஒருநாள் பெரியபாளையத்தை அடுத்த ஆரணியைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் ஒன்றுக்கு ஒதுங்கினோம். குனிந்து பார்த்தேன். சிவப்பு. வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி மண்ணில் ஓடுகிறது. உள்ளுக்குள் எங்கேயோ ஓட்டை விழுந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தேன். ராமுலுவும் பார்த்துவிட்டார். ஆனால் அவர் கொஞ்சமும் பதறவில்லை. இந்த நோய்க்குத் தனக்கு மருந்து தெரியும் என்கிற முகத்தோடு என்னைக் கைத்தாங்கலாக வண்டிக்குக் கூட்டிவந்தார். கவரைப்பேட்டையில் நிறுத்தி, நுங்கு வாங்கி, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் வாயில் திணித்தார். பயணிகள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிடம் திரும்பி அவர் நியாயம் கேட்டார்: "இஞ்சின் பக்கத்துல ஒக்காந்து வேகறது நானு, சூடு புடிச்சிக்கிறது இவனுக்கா?"

எலுமிச்சம்பழம்

மாத முறை வரும்வரை காத்திராமல் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சிரித்தார். இந்த மாத்திரை சிலருக்கு அப்படி நிறம் மாற்றும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்பாடா என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார். ஆனால் சில நேரம் அது நிஜமாகவே ரத்தமாகவும் இருக்கலாம், அப்போது பயப்பட வேண்டும் என்றார். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து எலுமிச்சம்பழம் சில சொட்டுப் பிழிய வேண்டும். நிறம் போய்விட்டால் மாத்திரையின் வேலை. போகாமல் கலங்கி நின்றால் ரத்தம், உடனே இங்கே வந்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் காலை பூஜை. வீட்டில் செய்தால் கன்னியம்மாள் பயப்படுவாள் என்று, முதல் டிரிப்புக்கு முன்னால் ஷெட்டின் பின்சுவர் ஓரமாகப் போய்விடுவேன். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம், மடியில் பழைய மருந்து பாட்டில். சிவப்புத் தண்ணீரைச் சூரியனுக்கு நேரே பிடிப்பேன். பழத்தைப் பிழிவேன். நிறம் போகிறவரைக்கும் முருகா முருகா என்று உதடு தானாக முணுமுணுக்கும். நிறம் போன பிறகுதான் மூச்சே வரும். இதைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முகத்தில் தாடி வேறு.

ராமுலு பார்த்துவிட்டார் என்பது, அவர் என் கையிலிருந்து வெற்றிலை வாங்குவதை நிறுத்தியபோதும் எனக்கு உறைக்கவில்லை. நாஷ்டாவுக்கு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் ரேடியேட்டர் கொதித்தது, பெல்ட் அறுந்தது, புதுவாயல் அருகில் டயர் வெடித்தது. அந்த ரோட்டில் அதெல்லாம் வாராவாரம் நடப்பதுதான். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருந்த கிளீனரிடம் ராமுலு குசுகுசுவென்று சொன்னது என் காதில் விழுந்தது: "அங்க பாட்டில்ல நெறம் வத்துது, இங்க ரேடியேட்டர்ல தண்ணி வத்துது. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும் ஒனக்கு?"

விசாரணை

கொஞ்ச நாளில் முதலாளி காலையிலேயே ஷெட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். விஷயம் வெளியே வந்துவிட்டது, கன்னியம்மாள்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். போகிற போக்கில் விசிலையும் பையையும்கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், கடைசித் தடவை என்று. முதலாளி நாற்காலியில் இருந்தார். ராமுலு தூரத்தில் நின்றார். "எனக்கு இந்தச் சூனியம் கீனியத்துல எல்லாம் நம்பிக்க இல்ல, தணிகாசலம். ஆனா டிரைவருக்குக் கீது. நீ வண்டியில கீற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்றான். டிரைவர் இல்லாம வண்டி ஓடாது" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூனியக்காரன் என்றால் இன்றைக்கே வேலை போகும். நோயாளி என்றால் சம்பளத் தேதி வரையாவது விட்டு வைப்பார். அந்தக் கணக்கில்தான் வாயைத் திறந்தேன், யோக்கியத்தால் இல்லை. உருப்போட்ட வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. கால், நெஞ்சு, மாத்திரை, ஆணி, கிடா, எலுமிச்சம்பழம் என்று தலைகீழாகக் கொட்டினேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள் ராமுலு முந்திக்கொண்டார். மாத்திரை தின்றால் மூத்திரம் சிவக்குமா, எங்களை என்ன நினைத்தான், செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார்.

அன்றைய பூஜை இன்னும் ஆகியிருக்கவில்லை, பின்சுவருக்குப் போனேன். பாட்டிலோடு திரும்பினேன். முதலாளியும் டிரைவரும் கிளீனரும் சுற்றி நின்றார்கள். பழத்தைப் பிழிந்தேன். நிறம் போகவில்லை. இன்னும் பிழிந்தேன். சிவப்பு பழுப்பாகிக் கலங்கி, அப்படியே நின்றது. விலாவுக்குக் கீழே இரண்டு நாளாக ஒரு வலி இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். பாட்டிலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. வேலை, முதலாளி, எல்லாம் மறந்துபோய், சாகப்போகிறேன் என்கிற ஒரே நினைப்பில் நின்றேன். மாயம் பலிக்கவில்லை என்று முதலில் கொஞ்சம் தெளிந்த ராமுலு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது போவலன்னா இன்னா அர்த்தம் நைனா?"

பூந்தமல்லி

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி எழுந்துவிட்டார். பட்டணத்துக்கு அடுத்த ரயில் வர வெகுநேரம் இருந்தது. கும்மிடிப்பூண்டி டிரிப்புக்காக நான் டிக்கெட் கொடுத்து உட்கார வைத்த ஜனங்களோடு எங்கள் பஸ் தயாராக நின்றது. "அதுலயே போ. பெரிய ஆஸ்பத்திரிக்கு. எங்கயும் நிக்காத" என்றார் ராமுலுவிடம். ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்ற மனுஷன், என்னை முன்சீட்டில் தூக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினார். உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அப்படி ஒரு ஓட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி குனிந்து, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். நேமத்துக்கு அருகே ஒரு மாட்டு வண்டியை மயிரிழையில் தாண்டினோம். எனக்காகத்தான் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று, பயத்துக்கு நடுவிலும் நெஞ்சு நெகிழ்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டணத்து ரோட்டில் பூந்தமல்லிக் கடைத்தெரு வந்தபோது, பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் டிக்கெட்டோடு தள்ளாடி முன்னால் வந்து என் தோளைத் தொட்டார்: "நான் பெரியபாளையத்துக்குத்தானேப்பா ஏறினேன்? மீதி தூரத்துக்கு டப்பு கேட்டீங்கன்னா எங்கிட்ட இல்ல."

முதலாளியின் வருத்தம்

ஊசி போட்டார்கள், மாத்திரையைக் குறைத்தார்கள், ரத்தம் நின்றது. இன்னும் ஒரு நாள் சும்மா இருந்திருந்தால் சிரமம்தான் என்று டாக்டர் சொன்னார். முதலாளியிடம் சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

முதலாளி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கன்னியம்மாள் எழுந்து ஓரமாக நின்றாள். இருமல் கண்டக்டரின் கணக்கை முடித்த கை அந்தச் சாத்துக்குடிப் பையைப் பிடித்திருப்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் வண்டியில் ஏற வேண்டாம், ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். கன்னியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் நாளே, ரைஸ்மில்காரர் எதிரில் சொல்லியிருந்தால் இதையே சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். அவருக்கும் என்மேல் ஒரு வருத்தம் இருந்தது. கிளம்பும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்: "வண்டியில நீ செத்திருந்தா, கண்டக்டர் செத்த வண்டின்னு பேராயிருக்கும். அப்புறம் அதுல எவன் ஏறுவான்? மனுசனுக்கு இன்னா பேஜாரு குடுக்கப் பாத்த நீ."

ஆளில்லாத மத்தியானம்

பெஞ்சு வேலை சுகம்தான். ஆணி இல்லை, கிடா இல்லை. பயம் மட்டும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இருந்தாலும் ஒளிக்க எதுவும் இல்லாத பயம் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது. ராமுலு மறுபடி என் கையிலிருந்து வெற்றிலை வாங்கத் தொடங்கினார். தன் வாயால் எனக்கு வந்த வினையை நினைத்து அவருக்குக் கூச்சம். நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்று அவர் ஓட்டிய ஓட்டில்தான் என் உயிர் மிஞ்சியது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், ஷெட்டில் ஆள் இல்லாத நேரம், அவர் வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் பூட்டே இல்லாத மனுஷன் வெற்றிலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மறுபடி முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தை உருப்போட்டு வைத்துக்கொண்டு தொண்டையிலேயே நிறுத்தியிருக்கிறவனுடைய முகம். என்ன விஷயம் என்று கேட்டேன். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு, என் காதருகே குனிந்து சொன்னார்: "ரொம்ப நாளா எனக்குத் தூரத்துல வர்றது லாரியா மாட்டு வண்டியான்னு தெரியறதில்ல நைனா, மூக்குகிட்ட வந்தாத்தான் தெரியுது. மொதலாளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீதான் சொல்லிக் குடுக்கணும்."

ஆகவே, உடம்பில் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற அன்பர்களே, உங்களுடையதை முதலாளியிடம் சொல்லுகிறீர்களோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.